தொடாத நேரத்துக்கும் செலவு

எட்டு மணிக்குச் சரியாக
மெயர்பேங்க் அணைந்தது.
முதலில் ஃப்ரிட்ஜின் முனகல்,
பிறகு தெருவிளக்கு,
பிறகு வீட்டுக்கு வீடு அலாரம்
ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.
பத்தரை வரை இல்லை என்கிறது அட்டவணை.
லேப்டாப்பில் முப்பத்தெட்டு சதவீதம்.

நள்ளிரவுக்குள் போய்ச் சேர வேண்டும்
சுங்குவின் வரிக்கணக்கு.
ஐந்து டாக்ஸி வேன்,
பிஸ்கட் டின் நிறைய ரசீது,
பாதி டீசலில் நனைந்து காய்ந்தவை.

கடையில் அந்தப் பையன் பிரவேஷன்
"விரல் வைத்தால் போதும், ஆன்ட்டி" என்றான்.
(எனக்கு நாற்பத்தொன்று.)
வைக்காதபோது என்ன ஆகும் என்று
நானும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அடியில் ஒரு வலை இருக்கிறதாம்.
நொடிக்கு நூறு தடவை
மூலைக்கு மூலை துழாவுகிறது:
விரலா? இல்லை. விரலா? இல்லை. விரலா?
நான் ரசீதைப் புரட்டும்போதும்
கொசு அடிக்கும்போதும்
கேட்டபடியே இருக்கிறது.
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொட்டு மின்சாரம்.
என் தொழிலில் இதற்கு நிலையான செலவு என்று பெயர்.
வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்
ஸ்டாண்டுக்கு வாடகை கட்டுவது மாதிரி.

பளபளப்பு வேறு.
மெழுகுவர்த்தியை எனக்கே திருப்பிக் காட்டுகிறது திரை.
எண் தெரிய வெளிச்சத்தைக் கூட்டுகிறேன்.
கூட்டக் கூட்டக்
கழிகிறது.

இருபத்தாறு.

போன மாதம் சுங்கு வந்து
இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.
நான்காவது வண்டி. ஓட்டுநர் சிபோனெலோ.
ஏப்ரலோடு சம்பளம் நிற்கிறது.
ஸ்டாண்டில் நடந்ததற்குச் செய்தித்தாளில்
ஆறு வரி கிடைத்தது,
என்னிடம் ஒரு வரி.
அந்தப் பெயர்மேல் சுங்கு விரலை வைத்தார்.
அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.
திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.
பெயர் விரிந்து
திருத்தவா, நீக்கவா என்று கேட்டது.
அவர் கையை எடுத்துக்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்,
சூட்டைத் தொட்டவர் போல.
டயர் விலை பற்றிப் பேசினோம்.

பத்தொன்பதில்
அமைப்புகளுக்குள் இறங்கித் தேடி
தொடுதிரையை முடக்கினேன்.
உறுதியா என்று கேட்டது.
உறுதி.

பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.
கால் மணி நேரம் இருக்கலாம்,
அதற்கும் குறைவாக இருக்கலாம்.
டீசல் முடிந்தது. டயர் முடிந்தது.
காப்பீட்டில் ஒரு பூஜ்யம் கூடுதல், எடுத்தேன்.
நான்காவது வண்டிக்கு வந்தபோது
பழக்க தோஷத்தில்
என் விரலும் போய் அந்தப் பெயர்மேல் நின்றது.

எதுவும் விரியவில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, போன் இணையத்தில்,
மூன்று சதவீதம் மிச்சமிருக்கக்
கணக்கு போய்ச் சேர்ந்தது.
மூடுவதற்குள் திரை தானே கறுத்தது.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால்
ஏழு மாதத்து ரேகைகள்,
என்னுடையவை, எண்ணெய்ப் பிசுக்கு,
நடுவில் அகலமாக ஒன்று.
துடைக்கத் துணியை எடுத்தேன்,
கொசு ரத்தத்தை மட்டும் துடைத்தேன்.

சுங்குவுக்குச் செய்தி அனுப்பினேன்:
முடிந்தது. கட்டணம் வெள்ளிக்கிழமைக்குள்.
ஒற்றை டிக்.
உம்லாசியிலும் இப்போது
இருட்டாகத்தான் இருக்கும்.